பிள்ளையின் வீடு எது?

பழனி மலைத்தொடரின் மேல் வீற்றிருக்கும் கொடைக்கானல் பெற்றோரைப் பிரிந்து வாழும் பிள்ளைகளை நெடுங்காலமாக அறிந்த ஊர். தென்னகத்தில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901ஆம் ஆண்டு அங்கே ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினர். பெற்றோர் சமவெளியின் வெயிலில். பிள்ளைகள் மலையின் குளிரில். இன்றும் தொலைதூர நகரங்களிலும் அயல்நாடுகளிலும் வாழ்வோரின் பிள்ளைகள் அம்மலையில் தங்கிப் பயில்கின்றனர்.

அத்தகைய குடும்பம் ஒன்றில் தாயும் தந்தையும் பிரிய நேர்ந்தால், பிள்ளை யாரிடம் வளர்வது என்பதை எந்த நீதிமன்றம் தீர்மானிக்கும்? மலை அடங்கிய திண்டுக்கல் மாவட்ட நீதிமன்றமா? தந்தை பணிபுரியும் நகரத்தின் நீதிமன்றமா? தாய் திரும்பிச் சென்ற பிறந்தகத்தின் நீதிமன்றமா? கிறிஸ்தவர்க்கும் பொருந்துகிற 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், தன் 9ஆம் பிரிவில் இதற்குச் சுருக்கமாக விடை கூறுகிறது: பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்தின் மாவட்ட நீதிமன்றமே அதற்கு உரியது. ஆனால் இடம்பெயர்ந்த பிள்ளை ‘வழக்கமாக வசிக்கும் இடம்’ எது? இக்கேள்வி ஒருமுறை சென்னையிலிருந்து இலண்டன் வரை பயணம் செய்தது.

ஓய்வுபெற்ற தாசில்தார் நாராயணய்யா, மனைவியை இழந்தவர்; பிரம்மஞான சபையின் உறுப்பினர். 1909ஆம் ஆண்டு தம் மக்களுடன் அடையாற்றில் சபையின் தலைமையகத்தை அடுத்துக் குடியேறினார். அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தி உலக ஆசானாக விளங்கப்போகிறவன் என்று சபையின் தலைவர்கள் நம்பினர். 1910 மார்ச்சில் கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்யானந்தாவையும் அன்னி பெசன்ட் அம்மையாரின் காப்பில் ஒப்படைத்துத் தந்தை கடிதம் எழுதிக் கொடுத்தார். 1912ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மையார் அவர்களைக் கல்விக்காக இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார்.

பின்னர் தந்தையின் மனம் மாறியது. மக்களைத் திரும்பக் கேட்டார், கிடைக்கவில்லை. 1912 அக்டோபரில், அந்நாளில் அடையாறு அடங்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. தந்தைக்காக சி.பி. இராமசாமி ஐயர் வாதாடினார்; அம்மையார் தம் வழக்கைத் தாமே நடத்தினார். 1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல், பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்க ஆணையிட்டார். மேல்முறையீட்டிலும் தந்தையே வென்றார். அம்மையார் இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலை நாடினார்.

1914 மே மாதம் அங்கே எல்லாம் தலைகீழாயிற்று. லார்டு பார்க்கர் வழங்கிய தீர்ப்பு, யார் நல்லவர் என்ற கேள்வியைத் தொடவில்லை. பிள்ளைகள் எங்கே வாழ்ந்தனர் என்றே கேட்டது. இங்கிலாந்தில் பயின்று ஆக்ஸ்ஃபோர்டில் சேரும் நோக்கத்தோடு மாதக்கணக்கில் முன்னரே இந்தியாவை விட்டுச் சென்றவர்களைச் செங்கல்பட்டில் வழக்கமாக வசிப்பவர்கள் என்று கொள்ள இயலாது. மாவட்ட நீதிமன்றத்துக்கு இல்லாத அதிகாரம் வழக்கை மாற்றியதால் உயர்நீதிமன்றத்துக்கு வந்துவிடாது. தந்தை வேண்டுமானால் இங்கிலாந்தின் நீதிமன்றத்தை அணுகலாம் என்றது.

இத்தீர்ப்பில் இரு கூறுகள் நம் சிந்தனைக்கு உரியவை. தந்தையின் காப்புரிமை ஒரு புனிதப் பொறுப்பு. அதைப் பிறரிடம் ஒப்படைத்தாலும் அவர் திரும்பப் பெறலாம். ஆயினும் இடைப்பட்ட காலத்தில் பிள்ளைகளின் உள்ளத்தில் வேரூன்றிய உறவுகளையும் எதிர்பார்ப்புகளையும் கலைப்பது அவர்கள் நலனுக்குக் கேடாகுமெனில் நீதிமன்றம் தடுக்கலாம். இது ஒன்று. தங்கள் வாழ்வையே மாற்றக்கூடிய ஆணை பிறந்தபோது அப்பிள்ளைகளின் குரல் கேட்கப்படவே இல்லை என்று சுட்டிக்காட்டியது மற்றொன்று.

நாராயணய்யாவின் நிலையை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது. உயர்நீதிமன்றத்தில் இருமுறை வென்றவர், வழக்குத் தொடுத்த இடம் தவறு என்பதால் தோற்றார். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு இலண்டன் நீதிமன்றத்தின் படி எட்டக்கூடியதா? 1924இல் அவர் இறந்தார். மக்கள் மீண்டும் அவருடைய வீட்டுப் பிள்ளைகளாக வாழவில்லை. தீர்ப்பில் பேசப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டிலும் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

எல்லை பற்றிய சட்டம் எளியவரை வாட்டவும் கூடும், காக்கவும் கூடும். இங்கிலாந்தில் பிறந்த சிறுவனைத் தந்தை தாயறியாமல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த வழக்கில், பிள்ளையைத் தூக்கி வந்த செயலால் நீதிமன்ற அதிகாரம் இடம்மாறாது என்ற நெறியில் நின்று உச்சநீதிமன்றம் 1984இல் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. 2011இல், வழக்கமான வசிப்பிடம் எது என்பதை அவ்வக் குடும்பத்தின் நோக்கத்தையும் நடப்பையும் ஆராய்ந்தே முடிவுசெய்ய வேண்டும் என்றது. பிள்ளைகளை நாடுகடத்திக் கொண்டுபோவதைப் பற்றிய 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அயல்நாட்டு நீதிமன்றத்தின் ஆணை கருதத்தக்கதே எனினும் பிள்ளையின் நலனே முதன்மையானது என்று 2017இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஆகவே மலைப்பள்ளியில் பயிலும் பிள்ளையின் வீடு எது என்பதற்கு ஆயத்தமான விடை இல்லை. விடுதியின் முகவரி மட்டும் அதைத் தீர்மானிக்காது. தந்தையின் ஊரும் தீர்மானிக்காது. எங்கே அப்பிள்ளை வேர்விட்டிருக்கிறது என்பதை நீதிபதி தேட வேண்டும். விவரம் அறிந்த பிள்ளையின் விருப்பத்தையும் கருதலாம் என்று அதே 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறுகிறது. வழக்கு மன்றத்தின் படியேறும் முன்னரே அப்பிள்ளையிடம் அதைக் கேட்கும் கடமை பெற்றோராகிய நமக்கு உண்டு.