தொழிற்பேட்டையிலிருந்து ஏவுகணைக்கு: ஆர். வெங்கட்ராமனின் பாதுகாப்புக் கொள்கை

தென்சென்னை மக்களவைத் தொகுதியில் 1977-இலும் 1980-இலும் காங்கிரஸ் வேட்பாளராக நின்று வென்ற ஆர். வெங்கட்ராமன், 1982 ஜனவரி முதல் 1984 ஆகஸ்ட் வரை நாட்டின் பாதுகாப்பு அமைச்சராகப் பொறுப்பு வகித்தார். முதல் தேர்தலில் அ.தி.மு.க. துணையோடு முரசொலி மாறனைத் தோற்கடித்தவர், அடுத்த தேர்தலில் தி.மு.க. துணையோடு வென்றார் என்பதிலிருந்தே, மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வாக்குகளைத் தீர்மானித்ததில் எல்லைப் பாதுகாப்பைவிடக் கூட்டணிக் கணக்குக்கே பங்கு அதிகம் என்று கொள்ளலாம். ஆகவே, படைபலம் குறித்த அவரது பார்வையைத் தேர்தல் மேடையைக் காட்டிலும் அவரது நிர்வாக வாழ்க்கையில் தேடுவதே பொருத்தம். அவ்வாறு தேடும்போது தெரியவருவது போரியல் கோட்பாடு அன்று, ஒரு தொழில் அமைச்சரின் மனப்பாங்கே ஆகும்.

காமராசர், பக்தவத்சலம் அமைச்சரவைகளில் 1957 முதல் 1967 வரை தொழில்துறையைக் கவனித்த காலத்தில், அடையாற்றுக்கு அருகிலுள்ள கிண்டியில் தொழிற்பேட்டை உருவானது. நிலம், கொட்டகை, மின்சாரம், சாலை ஆகியவற்றை அரசே முன்கூட்டி அமைத்துச் சிறு தொழில்முனைவோரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடே தொழிற்பேட்டை எனப்பட்டது. தேவை எழுந்தபின் ஆலை கட்டுவதற்கு மாறாக, ஆலைக்கான களத்தை முதலில் அமைத்துவிட்டால் தேவை தானே வந்து சேரும் என்பது அதன் அடிப்படைக் கணக்கு.

இதே கணக்கு 1983-இல் ஏவுகணைத் துறைக்கு வந்தது. பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்திற்கு 1982-இல் திரும்பி வந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாமும், அமைச்சரின் அறிவியல் ஆலோசகர் வி. எஸ். அருணாசலமும் ஏவுகணைகளை ஒன்றன்பின் ஒன்றாக, கட்டம் கட்டமாக உருவாக்கும் முன்மொழிவோடு சென்றபோது, அனைத்தையும் ஒரே சமயத்தில் மேற்கொள்ளுமாறு அமைச்சர் கூறினார் என்று கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் பதிவு செய்திருக்கிறார். (பயனடைந்தவரின் நினைவுக்குறிப்பு என்பதால் இதைச் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும், எனினும் ஐந்து ஏவுகணைகளும் ஒரே திட்டத்தின் கீழ் அனுமதி பெற்றது ஐயத்திற்கு இடமற்றது.) பிருத்வி, திரிசூல், ஆகாஷ், நாக், அக்னி ஆகியவற்றை உள்ளடக்கிய ஒருங்கிணைந்த ஏவுகணை மேம்பாட்டுத் திட்டத்திற்கு 388 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. நிதியமைச்சராக இருந்தபோது, 1981-இல், சர்வதேச நிதியத்திடம் பெருங்கடன் பெற நேர்ந்த அதே மனிதர் இவ்வளவு தொகைக்கு இசைந்தது, இதைச் செலவாகக் கருதாமல் முதலீடாகக் கருதினார் என்பதையே காட்டுகிறது.

அந்த முதலீடு பலித்ததா என்னும் வினாவுக்கு ஒற்றை விடை இல்லை. பிருத்வி 1988 பிப்ரவரியிலும் அக்னி 1989 மே மாதத்திலும் முதன்முறையாகச் சோதிக்கப்பட்டன. இடையில், 1987-இல், வளர்ந்த நாடுகள் சில சேர்ந்து ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டை, அதாவது நெடுந்தொலைவு ஏவுகணைகளுக்கான கருவிகளும் நுட்பங்களும் பிற நாடுகளுக்குச் செல்லாமல் தடுக்கும் புரிந்துணர்வை, உருவாக்கின. கட்டம் கட்டமாகச் சென்றிருந்தால் அக்னி தொடக்க நிலையிலேயே அந்தத் தடைக்குள் சிக்கியிருக்கக்கூடும். ஆனால் தரைப்படையும் கடற்படையும் அன்றாடம் கேட்ட குறுந்தொலைவு ஆயுதங்களின் நிலை வேறு. திரிசூல் படையில் இடம்பெறாமலே 2008-இல் கைவிடப்பட்டது. பீரங்கி வண்டிகளைத் தாக்கும் நாக், திட்டம் தொடங்கி மூன்று பதிற்றாண்டுகளுக்குப் பின்னும் முழுமையாகப் படையைச் சேரவில்லை. ஐந்தையும் ஒருசேரத் தொடங்கியதன் ஆதாயம் அரசியல் பயனுடைய ஏவுகணைகளுக்குச் சென்றது. பொறியாளர்களும் ஆய்வுக்கூடங்களும் பங்குபோடப்பட்டதன் நட்டம் போர்க்களப் பயனுடையவற்றின் தலையில் விழுந்தது எனலாம். படையினருக்கு உடனடியாகத் தேவைப்பட்டது பெரும்பாலும் சோவியத் ஒன்றியத்திடமிருந்தே தொடர்ந்து வந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1980-களின் பிற்பகுதியில் உருவான டி-72 பீரங்கி வண்டியும் சோவியத் உரிமத்தில் செய்யப்பட்டதே.

உற்பத்தியை மையமாகக் கொண்ட இப்பார்வைக்கு மற்றோர் எல்லையும் உண்டு: படையை எங்கே, எதற்காகப் பயன்படுத்துவது என்னும் வினா அதனுள் அடங்கவில்லை. திட்டம் தொடங்கிய 1983 ஜூலை மாதத்திலேயே கொழும்பில் தமிழருக்கு எதிரான படுகொலைகள் நிகழ்ந்தன. சென்னைத் தெருக்கள் ஊர்வலங்களால் நிறைந்தன. அந்நகரின் தென்பகுதியைப் பிரதிநிதித்துவப்படுத்தியவரே பாதுகாப்பு அமைச்சர் எனினும், இலங்கைப் பேச்சுவார்த்தையை நடத்தியவர் இந்திரா காந்தியின் தூதர் ஜி. பார்த்தசாரதி, கொள்கையின் கடிவாளம் பிரதமரிடம் இருந்தது. 1984 ஜூனில் பொற்கோயிலுக்குள் படை நுழைந்ததையும் பிரதமரின் முடிவாகவே பெரும்பாலோர் கருதுகின்றனர். வெங்கட்ராமன் 1987 ஜூலை 25-இல் குடியரசுத் தலைவராகி, அரசியலமைப்பின்படி முப்படைகளின் தலைமைத் தளபதியானபோது, நான்கே நாட்களில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி அமைதிப்படை கடல் கடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்து அப்படை 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்திற்குத் திரும்பியபோது, முதல்வர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்ல மறுத்தார். 1980-இல் வெங்கட்ராமனுக்கு வாக்குக் கேட்ட கட்சியின் தலைவர் அவர்.