ரணபைரவியும் ஒரு பாடிவீடும்

சென்ற ஞாயிறன்று என் சித்தி மகன் எங்கள் பெங்களூரு வீட்டில் மடிக்கணினியின் முன் மூன்று மணிநேரம் அசையாமல் அமர்ந்திருந்தான். திரையில் சிறகு முளைத்த ஒரு பெண் வாளேந்தி அவனை மீண்டும் மீண்டும் கொன்றுகொண்டிருந்தாள். 2018இல் வெளிவந்த 'காட் ஆஃப் வார்' விளையாட்டின் மிகக் கடினமான எதிரி அவள். வால்கிரிகளின் அரசி சிக்ரூன். ஒருவழியாக வென்று முடித்தவன் திரும்பிக் கேட்டான்: "அக்கா, நம்ம ஊர்ல இந்த மாதிரி நெசமாவே ஒரு ராணி இருந்தாங்களா?" 1780இல் சிவகங்கையை மீட்ட வேலு நாச்சியாரையும், 1824இல் கும்பினிப் படையை எதிர்த்த கித்தூர் சென்னம்மாவையும் சொன்னேன். "அவங்கள்லாம் துப்பாக்கிக் காலம்க்கா. வைக்கிங் காலத்துல யாராச்சும்?" என்றான்.

நல்ல கேள்வி. இப்பதிவு அவனுக்கான விடை. கல்வெட்டு வாசிக்கப் பழகும் இளம் ஆய்வாளர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பழைய நோர்ஸ் மொழியில் 'வால்கிர்யா' என்பது இரு கூறுகளால் ஆன தொகைச்சொல். 'வால்ர்' என்பது போரில் மாண்டோரைக் குறிக்கும். பின்கூறு 'தெரிந்தெடுத்தல்' என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்தது. நம் நடுகல் மொழியில் சொல்வதானால் 'பட்டாரைத் தெரிபவள்'. பழைய ஆங்கிலத்திலும் இதன் இனச்சொல் உண்டு; அங்குள்ள சொற்பட்டியல்கள் கிரேக்கரின் பழிதீர்க்கும் தேவதைகளுக்கு நேராக அதனை எழுதிவைத்தன. சொல்லின் மையத்தில் நிற்பது வாள்வீச்சைக் காட்டிலும் தேர்வு. யார் விழுந்தார், அவருள் யார் ஓடினின் அவைக்குத் தகுந்தவர் என முடிவு செய்வதே அவள் தொழில்.

சிக்ரூன் என்னும் பெயரும் விளையாட்டை ஆக்கியோர் புனைந்ததன்று. ஹெல்கி என்னும் வீரனைப் பற்றிய பழம்பாடல்களில் அவள் ஹோக்னி என்னும் மன்னனின் மகள், வால்கிரியும் அவளே. 'வெற்றி' என்பதும் 'மறைமொழி' என்பதும் இணைந்த பெயர். ஆனால் அப்பாடல்களில் அவள் வால்கிரிகளுக்கு அரசியாக முடிசூடியவள் அல்லள். அப்பதவி விளையாட்டு தந்தது.

பட்டாரை ஏற்றுச் செல்லும் விண்மகளிர் நமக்கு அயலார் அல்லர். பெங்களூரு என்னும் ஊர்ப்பெயரின் மிகப் பழைய எழுத்துச் சான்று, பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள ஏறத்தாழ கி.பி. 890ஆம் ஆண்டைச் சேர்ந்த வீரக்கல் எழுத்தே. இந்நகரின் பெயர் முதலில் நமக்குக் கிட்டுவது ஒரு போரில் மாண்டவனின் நினைவோடுதான். கருநாடக வீரக்கற்கள் பலவற்றில் மூன்று அடுக்குகள் இருக்கும். கீழடுக்கில் போர், நடுவடுக்கில் மாண்ட வீரனை இருபுறமும் தாங்கி விண்ணுக்கு அழைத்துச் செல்லும் தேவமகளிர், மேலடுக்கில் இலிங்கத்தின் முன் அமர்ந்திருக்கும் வீரன். அந்த நடுவடுக்கு மகளிரும் வால்கிரிகளும் ஒரே இடத்தில் நிற்பவர்கள். இரு பண்பாடுகளும் போர்க்களத்தில் பெண்ணுக்கு ஓர் இடம் தந்தன. அது போர் முடிந்த பின்னர்க் கிடைக்கும் இடம்.

அப்படியானால் போர் முடியும் முன்பே களத்தில் நின்ற மானிடப் பெண் யார்?

வடபுலத்தில் இக்கேள்விக்கு எலும்புகள் விடை சொல்ல முயன்றன. சுவீடனின் பீர்க்கா என்னும் இடத்தில் 19ஆம் நூற்றாண்டில் அகழப்பட்ட பத்தாம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றில் வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், இரு கேடயங்கள், இரு குதிரைகள் ஆகியவற்றோடு பலகை விளையாட்டுக் காய்களும் கிடைத்தன. படைக்கலன்களைக் கண்டு அங்கே புதைந்தவர் ஆண் எனவே நூறாண்டுகளுக்கும் மேலாகக் கொண்டிருந்தனர். 2017இல் வெளியான மரபணு ஆய்வு அவரைப் பெண் என உறுதிப்படுத்தியது. உடனே எழுந்த கேள்வி: பெண் என்பது சரி, அவர் போரிட்டாரா? கல்லறையில் எழுத்து இல்லை. எனவே விவாதம் தொடர்ந்தது.

இப்போது நம் பக்கம் வருவோம். மேலைச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் செயசிம்மனின் உடன்பிறந்தவள் அக்காதேவி. தமிழருக்கும் கன்னடருக்கும் பொதுவான உறவுச்சொல்லே அவள் பெயர். 1022 அளவில் அவள் 'கிசுகாடு எழுபது' என்னும் நாட்டுப் பிரிவை ஆண்டுகொண்டிருந்தாள். கன்னடத்தில் 'கிசு' என்பது நம் 'செம்மை'யின் இனச்சொல். தமிழில் முன்னுயிரின் முன் ககரம் சகரமானது, கன்னடத்தில் ஆகவில்லை. ஆகவே அவள் ஆண்டது நம் வாயில் 'செங்காடு'.

அவளுக்கு வழங்கிய பட்டங்கள் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று 'ரணபைரவி', போர்க்களத்துப் பைரவி. மற்றொன்று 'குணத பெடங்கி'. குணத்தால் வியப்புக்குரிய அழகி. 'பெடங்கி' என்பது 'பெடங்க' என்னும் ஆண்பாற் பட்டத்தின் பெண்பால். அந்த ஆண்பாற் பட்டம் அவள் குடும்பத்திலேயே இருந்தது. இராசராச சோழனோடு பொருத சத்தியாசிரயன் அவளுக்குப் பெரியப்பன் முறை. அவன் 'இறிவ பெடங்கன்', அதாவது குத்தி வீழ்த்துவதில் வியப்புக்குரியவன். ஒரே சொல், ஒரே குடும்பம். பெரியப்பனுக்கு அது படைத்தொழிலோடு சேர்ந்தது. மகளுக்குக் குணத்தோடு சேர்ந்தது. போரைக் குறிக்கும் பட்டம் அவளுக்கு வேண்டியபோது மொழி அவளை மானிடப் பெண்ணாக விட்டுவைக்கவில்லை, பைரவி ஆக்கிற்று.

இங்கேதான் ஓர் ஆய்வாளர் இடற வாய்ப்புண்டு. 'ரணபைரவி' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அக்காதேவி போரிட்டாள் என எழுதினால் அது வலுவற்ற வாதம். பட்டங்கள் புகழ்மொழிகள், மெய்க்கீர்த்தி படித்த எவருக்கும் அவற்றின் போக்குத் தெரியும். ஒருவரைத் தெய்வத்தோடு ஒப்பிடும் சொல், அவர் உண்மையில் என்ன செய்தார் என்பதை நமக்குச் சொல்லுவதில்லை. பெண் விஷயத்தில் அது இன்னொரு தீங்கும் செய்யும்: அவளை வரலாற்றிலிருந்து தூக்கிப் புராணத்தில் வைத்துவிடும்.

சான்று வேறோர் இடத்தில், யாரும் புகழ எண்ணாத ஒரு வரியில் இருக்கிறது. இன்றைய பாகல்கோட்டை மாவட்டத்து அரசிபீடியில், அன்றைய விக்கிரமபுரத்தில், அவள் பட்டத்தாலேயே பெயர்பெற்ற 'குணத பெடங்கி ஜினாலயம்' என்னும் சமணக் கோயிலுக்கு 1047இல் கொடை வழங்கப்பட்டது. கொடை ஆவணங்களில் கொடையாளர் அப்போது எங்கே இருந்தார் எனக் குறிப்பது வழக்கம். இந்த ஆவணம் அக்காதேவி கோகாகெக் கோட்டையை முற்றுகையிட்டிருந்ததைச் சொல்கிறது. பெலகாவிப் பகுதியில் உள்ள இன்றைய கோகாக் அதுவே. அரியணையில் அப்போது இருந்தவன் அவளுடைய மருமகன் முதலாம் சோமேசுவரன்.

கொடை நிலத்தைப் பற்றியது. முற்றுகை அதன் பேசுபொருளே அன்று. எழுதியவருக்கு அவள் வீரத்தை நிறுவும் தேவை இல்லை. அவள் இருந்த இடத்தைப் பதிய வேண்டியிருந்தது, பதிந்தார். அதனால்தான் அவ்வரியை நம்புகிறேன். படை இறங்கும் இடத்தைக் கன்னடம் 'பீடு' என்னும். நம் 'வீடு' அதன் இனச்சொல், 'பாடிவீடு' என்பதில் அப்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. அரசிபீடி என்னும் ஊர்ப்பெயரையே 'அரசியின் வீடு' எனப் பிரித்துக் காண இடமுண்டு என எனக்குத் தோன்றுகிறது.

தம்பி கேட்ட காலக்கணக்கும் பொருந்துகிறது. அதே 1047இல்தான் வைக்கிங் யுகத்தின் கடைசிப் பெரும் போர்மன்னன் எனப்படும் ஹரால்ட் ஹார்ட்ராடா நார்வேயின் தனியரசனானான்.

தமிழ் மாணவர்களுக்குச் செயசிம்மன் பழகிய பெயர். முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி அவன் முயங்கியில் முதுகிட்டதைச் சொல்கிறது. நாம் அதை மனப்பாடம் செய்தோம். முதுகிட்டவனுக்கு ஓர் உடன்பிறந்தவள் இருந்தாள் என்பதையும், அவள் கால் நூற்றாண்டு கழித்துக் கோட்டை வாயிலில் படையோடு அமர்ந்திருந்தாள் என்பதையும் நம் பாடநூல்கள் சொல்லவில்லை. மெய்க்கீர்த்தி வென்றவரின் ஆவணம். அதன் வழியே அண்டை நாட்டைக் கற்பவர்க்கு அண்டை நாட்டுப் பெண்கள் கண்ணில் படமாட்டார்கள்.

ஆய்வுக்கு வரும் இளையோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். களத்தில் நின்ற பெண்களைத் தேடும்போது பட்டங்களின் ஒளியில் மட்டும் தேடாதீர்கள். கொடை ஆவணத்தின் இடக்குறிப்பையும் ஆண்டுக்குறிப்பையும் படியுங்கள். சலிப்பூட்டும் அவ்வரிகளில்தான் அவர்கள் தெய்வமாகாமல் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் தம்பியிடம் சொல்லி முடித்தபோது அவன் கேட்டது ஒன்றே: "கோட்டை விழுந்ததாக்கா?" கொடைக் கல்லுக்கு அந்தக் கவலை இல்லை, அது நிலத்தை அளந்து முடித்துக்கொண்டது என்றேன். அவனுக்கு நிறைவில்லை. கன்னடக் கல்வெட்டியல் நண்பர்கள் என் வாசிப்பில் பிழை கண்டால் கீழே திருத்துங்கள், அவனும் படிப்பான்.