இருமுறை புதைத்தவர்கள்

படுகொலையைப் பற்றி எழுதுகையில் நாம் மாண்டவர்களை எண்ணி நிறுத்திவிடுகிறோம். பிள்ளையைப் பறிகொடுத்து ஒரே வீட்டில் முகம்பார்த்திருக்கும் கணவன் மனைவியரின் கதை ஏட்டில் ஏறுவதில்லை.

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள மூதூரைப் புலிகள் 2006 ஆகஸ்டுத் தொடக்கத்தில் தாக்கினர். படையினர் எதிர்த்துப் போரிட்டனர். சுனாமியில் நொந்த மக்களுக்குப் பணிசெய்யச் சென்றிருந்த 'அக்சன் பாம்' என்னும் பிரெஞ்சு நிறுவன ஊழியர் 17 பேர் அலுவலக வளவுக்குள் அகப்பட்டனர். ஆகஸ்டு 4 அன்று, நிறுவனச் சட்டை அணிந்த கோலத்திலேயே, அவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம், நால்வர் பெண்கள். பாதுகாப்புப் படையினரே பொறுப்பு என்று யுத்தநிறுத்தக் கண்காணிப்புக் குழு அம்மாதமே கூறியது; அரசு மறுத்தது.

திருகோணமலையில் அடக்கம் செய்த உடல்களுட் சில அக்டோபரில் மறு பரிசோதனைக்காகத் தோண்டி எடுக்கப்பட்டன. ஒருமுறை மண்ணிட்ட கையால் மறுமுறையும் மண்ணிடுவதென்றால் என்ன என்பதைப் பெற்றவரன்றி யார் அறிவார்? வழக்கோ மூதூரிலிருந்து அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. போர்க்காலத்தில், சோதனைச் சாவடிகளைக் கடந்து, சிங்களம் வழங்கும் அந்நகருக்குத் தமிழ்ப் பெற்றோர் சென்றுவருவது எளிதா?

உதலாகம ஆணைக்குழு இவ்வழக்கோடு விசாரித்த மற்றொன்று, அதே ஆண்டு சனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் நடந்த ஐந்து மாணவர் கொலை. இறந்தவருள் ஒருவர் வைத்தியர் மனோகரனின் மகன் ரஜீகர். கைக்குண்டு வெடித்தே இறந்தனர் என்று முதலில் சொல்லப்பட்டது. உடல்களில் துப்பாக்கிக் காயங்கள் இருந்ததைப் படமெடுத்து வெளிப்படுத்திய பத்திரிகையாளர் சுகிர்தராஜன் சனவரி 24 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். மகன் புலி என்று கையொப்பமிட்டால் உடலைத் தருவோம் என்று பொலிஸார் கேட்டதாகவும், தாம் மறுத்ததாகவும் மனோகரன் கூறியுள்ளார். துயரத்தின் உச்சியில் ஒரு தகப்பன் காட்டிய அந்த உறுதியை நாம் எளிதில் கடந்துவிட இயலாது. மிரட்டல்கள் தொடர, அவர் மனைவியோடும் பிள்ளைகளோடும் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. 2008இல் வெளிநாட்டிலிருந்து காணொளி வழியே ஆணைக்குழுமுன் சாட்சியம் அளித்தார். மகன் கிடந்த மண்ணில் நின்று பேச முடியாதவராய்!

2019 சூலையில் அவ்வழக்கின் எதிரிகள் 13 பேரும் சாட்சியம் போதாமையால் விடுவிக்கப்பட்டனர். மூதூர்க் கொலைக்காக எவருமே தண்டிக்கப்படவில்லை.