அனா மெண்டியேட்டாவின் சிலுவேட்டா தொடர்

அனா மெண்டியேட்டா (1948–1985) கியூபாவின் அவானா நகரில் பிறந்த அமெரிக்கக் கலைஞர். கியூபப் புரட்சிக்குப் பின், 1961-இல் தமது 12-ஆம் வயதில், பெற்றோரைப் பிரிந்து தமக்கையுடன் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். அயோவா மாநிலத்தில் ஆதரவற்றோர் இல்லங்களிலும் வளர்ப்புக் குடும்பங்களிலும் வளர்ந்தார்.

1973-இல் மெக்சிகோவின் யாகுல் தொல்லியல் களத்தில், பழங்காலக் கல்லறை ஒன்றினுள் படுத்து, உடலை வெள்ளைப் பூக்களால் மூடிப் படமெடுக்கச் செய்தார். 'சிலுவேட்டா' (நிழலுரு) தொடர் இவ்வாறு தொடங்கியது. பின்வந்த படைப்புகள் பலவற்றில் அவர் உடல் இல்லை. மண்ணிலும் மணலிலும் அதன் வடிவம் மட்டுமே உள்ளது. அவ்வடிவங்களை அலையும் காற்றும் தீயும் அழித்தன. இன்று எஞ்சியவை ஒளிப்படங்களும் குறும்படச் சுருள்களுமே. தாய்நாட்டிலிருந்து பிரிக்கப்பட்ட தாம் மீண்டும் மண்ணோடு இணையும் வழியாகவே அவர் இதைக் கருதினார்.

1980-இல் கியூபாவுக்கு மீண்டும் சென்றார். மறு ஆண்டு, அவானாவுக்கு அருகிலுள்ள குகைகளின் சுண்ணாம்புப் பாறையில் பெண்ணுருவங்களைச் செதுக்கினார்.