கிட்டி போட்டு வாங்கின வாக்குமூலம்

டீக்கடையில பேப்பர் படிக்கிறப்போ "போலீஸ் விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்"னு ஒரு செய்தி வந்துட்டா போதும், நம்ம ஊர்ல அந்த ஆளுக்கு அங்கேயே தீர்ப்பு எழுதிடுவாங்க. ஆனா போலீஸ் அதிகாரிகிட்ட ஒருத்தர் கொடுத்த ஒப்புதலை அவருக்கு எதிரா கோர்ட்டில சாட்சியமா காட்ட முடியாது. 1872ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்துல இது 25ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய சாக்ஷ்ய அதினியத்துல 23ஆவது பிரிவு. நம்பர் மாறுச்சு, விதி மாறலை.

இந்த விதி எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப் படிச்சேன். கதை நம்மள மாதிரி விவசாயிங்ககிட்ட வந்து நின்னுச்சு.

கம்பெனி ஆட்சியில சென்னை மாகாணத்துல பெரும்பகுதி ரயத்துவாரி. ஜமீன்தார் நடுவுல இல்லை, உழுதவனே நேரா சர்க்காருக்குக் கிஸ்தி கட்டணும். வசூல் பண்றது தாசில்தார். 1816இல் வந்த சட்டப்படி தாலுக்கா போலீசுக்கும் அவர்தான் தலைவர். ஊர் மணியக்காரருக்கும் ரெண்டு வேலை: வரியும் வாங்கணும், திருடனையும் பிடிக்கணும். வெள்ளாமை பொய்ச்சு கிஸ்தி பாக்கி நின்னா, எவன் வரி கேட்டானோ அவனே பிடிச்சுட்டுப் போவான். அவனைப் பத்திப் புகார் சொல்லணும்னாலும் அதே கச்சேரி வாசல்லதான் போய் நிக்கணும்.

அப்போ நடந்த கொடுமைகளுக்குப் பேரே இருந்துச்சு. கிட்டின்னா ரெண்டு கட்டைக்கு நடுவுல விரலை வச்சு நெரிக்கிறது. ஆளைக் குனிய வச்சு, தலையைக் கால் பக்கமா இழுத்துக் கயித்தால கட்டி வெயில்ல விடுறதுக்கு இன்னொரு பேரு. முதுகுல கல்லை ஏத்துறது, கண்ணுல மிளகாய்ப்பொடி, சோறு தண்ணி கொடுக்காம நிறுத்தி வைக்கிறது. வரி பாக்கிக்கும் இதேதான், திருட்டுக் கேசில ஒத்துக்க வைக்கவும் இதேதான்.

இதை வெளியே கொண்டு வந்ததுல முக்கியமானவர் சென்னை வியாபாரி காசுலு லட்சுமிநரசு செட்டி. 1852இல் சென்னை சுதேசி சங்கத்தை ஆரம்பிச்சு, பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு மனு அனுப்பினார். அடுத்த வருஷம் டேன்பி சீமோர்ங்கிற பார்லிமெண்ட் உறுப்பினர் இங்கே வந்தப்போ, கூடவே போய் ஜில்லா ஜில்லாவா காட்டினார். 1854இல் சீமோர் பார்லிமெண்டில பேச, சர்க்கார் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டது. சென்னை சித்திரவதைக் கமிஷன்னு அதுக்குப் பேரு. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன்னு மூணு பேர்.

கமிஷன் சென்னையில உட்கார்ந்துச்சு. ராயபுரத்துல இருந்து முதல் ரயில் ஓடினதே 1856இல்தான். அப்படியிருந்தும் தூரத்து ஜில்லாக்கள்ல இருந்தெல்லாம் ஜனங்க வந்து சொன்னாங்க. வர முடியாதவங்க மனு எழுதி அனுப்பினாங்க. திரும்பிப் போனா அதே தாசில்தார், அதே மணியக்காரர் முகத்துலதான் முழிக்கணும். அது தெரிஞ்சும் வந்தாங்க.

1855இல் அறிக்கை வந்துச்சு. சித்திரவதை நடக்குது, வரிக்கும் நடக்குது, போலீஸ் விசாரணையிலயும் நடக்குதுன்னு கமிஷன் ஒத்துக்கிட்டது. பழியை மட்டும் கீழே இருந்த நம்ம ஊர் சிப்பந்திங்க மேல போட்டுட்டு, வெள்ளைக்கார அதிகாரிகளைக் காப்பாத்திருச்சு. 1857இல் கார்ல் மார்க்ஸ் அமெரிக்கப் பத்திரிகை ஒண்ணுல இந்த அறிக்கையைப் பத்தி எழுதினார்.

பிறகு 1859இல் சென்னை மாகாணத்துக்குப் புது போலீஸ் சட்டம் வந்து, வரி வேலையும் போலீஸ் வேலையும் பிரிஞ்சது. 1861 குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல, போலீஸ்கிட்ட சொன்ன ஒப்புதல் செல்லாதுன்னு எழுதினாங்க. சென்னை அறிக்கை ஒண்ணாலேயே அது வந்துச்சுன்னு சொல்ல முடியாது. வங்காளத்திலயும் இதே புகார் இருந்தது. ஆனா அடிச்சு வாங்கின பேச்சுக்கு கோர்ட்டில மதிப்பில்லேன்னா அடிக்கிறதுக்கு வேலை குறையும்ங்கிற கணக்கு, கிட்டி பட்ட விரலை வச்சுப் போட்ட கணக்குதான்.

அடி நின்னுடுச்சான்னா, இல்லை. 2020 சாத்தான்குளம் நமக்கு மறக்காது. விதியில ஓட்டையும் இருக்கு. காவலில இருக்கிறவர் சொன்னதை வச்சு ஒரு பொருளைக் கண்டெடுத்தா, அந்தப் பொருள் சம்பந்தப்பட்ட பேச்சு மட்டும் செல்லும். "கத்தி மீட்பு, நகை மீட்பு"ன்னு செய்தியில வர்றதுக்கு இவ்வளவு முக்கியத்துவம் அதனாலதான். மாஜிஸ்திரேட்கிட்ட கொடுக்கிற ஒப்புதலும் செல்லும். ஆனா சொல்லணும்னு கட்டாயமில்லை, சொன்னா உனக்கு எதிரா வரலாம்னு அவர் முதல்ல எச்சரிக்கணும். சொல்ல மாட்டேன்னா அதுக்காகத் திரும்ப போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது.

வரப்புத் தகராறு, மோட்டார் திருட்டுன்னு நம்மள ஸ்டேஷனுக்குக் கூப்பிடுறப்போ தெரிஞ்சுக்க வேண்டியது இதுதான்.

விவரம் தெரிஞ்சவர்னு விசாரிக்கணும்னா எழுத்து மூலமா கூப்பிடணும். பெண்கள், 15 வயசுக்குக் கீழ உள்ள பசங்க, 60 தாண்டினவங்க, மாற்றுத்திறனாளிங்க, கடும் நோயில இருக்கிறவங்க இவங்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, வீட்டுக்கு வந்துதான் கேட்கணும். கேட்டதுக்கு உண்மையைச் சொல்லணும். ஆனா நம்மையே குற்றத்துல மாட்டிவிடுற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அரசியல் சாசனம் 20(3) அதுதான். 1978இல் நந்தினி சத்பதி வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் இதை விரிவா சொல்லியிருக்கு.

முக்கியமா ஒண்ணு. விசாரணையில நாம சொன்னதை போலீஸ் எழுதிக்கலாம், அதுல நம்ம கையெழுத்து வாங்கக் கூடாது. "சும்மா ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ பெரியவரே"ன்னு வெள்ளைப் பேப்பரை நீட்டினா, போட வேண்டாம்.

கைது பண்ணினா காரணம் சொல்லணும், வீட்டுக்குத் தகவல் போகணும், வக்கீலைப் பார்க்க விடணும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். வக்கீலுக்குக் காசில்லேன்னா 15100க்கு போன் பண்ணுங்க, இலவச சட்ட உதவி எண் அது. வீட்டுல பெரியவங்க போன்லயும் பதிஞ்சு வச்சிடுங்க.