கொட்டான் முடைந்த கரங்கள்

நம் கோட்டையூர், காரைக்குடி வட்டாரத்து நகரத்தார் இல்லங்களில் முற்காலத்தே ஆச்சிமார் ஓய்வுப்பொழுதைக் கொட்டான் முடைவதிலே இனிது கழித்தனர். பனையோலையை உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, சீராக வகிர்ந்து, சாயமேற்றி, வண்ணக் கட்டங்கள் விழப் பின்னினர். திருமணங்களில் வெற்றிலையும் பழமும் இனிப்பும் ஏந்தி அக்கொட்டான்கள் உறவினர் இல்லம் சென்றன. விற்பதற்கன்றிக் கொடுப்பதற்கென்றே முடைந்தமையால் உழைப்பே உவகையாயிற்று.

பிளாஸ்டிக் கூடைகள் பெருகவே இக்கலை மங்கிற்று. 2000ஆம் ஆண்டு வாக்கில் விசாலாட்சி இராமசாமி அவர்கள், எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை வழியே சிற்றூர்ப் பெண்களுக்கு இதனைப் பயிற்றுவிக்கலானார். 2013இல் செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆச்சிமாரின் பொழுதுபோக்கு இன்று எளிய மகளிரின் ஊதியம். இம்மாற்றம் இழிவன்று. வாங்கும் நாம் பேரம் பேசாது உரிய விலை கொடுப்போமாயின், அம்மகளிர் விரல்களிலும் அன்றைய உவகை குடிகொள்ளும் அன்றோ?