ஸ்லோ நிக்காத காரும் திருட்டுக் காத்தும்

நாமக்கல்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஆஞ்சநேயர், முட்டை, லாரி. இந்தப் பதிவுல முதல் ரெண்டும் இல்லை. லாரி உண்டு. அந்த லாரிக்குப் பங்காளி முறையில ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் உண்டு. எப்படிப் பங்காளின்னு கடைசி வரைக்கும் படிச்சா தெரியும் :-)

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி.

சேலத்துல என் நண்பன் ஒருத்தன்கிட்ட 1980கள்ல செஞ்ச ரெண்டு கதவு வெளிநாட்டு கார் ஒண்ணு இருந்தது. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டி. அவங்கப்பா ஆசையா வாங்கினது. பைபாஸ்ல விட்டா பறக்கும். சிக்னல்ல நின்னா போச்சு, குளிர் ஜுரம் வந்த மாதிரி உதறும். ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா சில சமயம் அப்படியே அணைஞ்சுடும். பிளக் மாத்தினான், ஒயர் மாத்தினான், ஃபில்டர் மாத்தினான். கடைசியா ஒரு ஒர்க்‌ஷாப்ல "கம்ப்யூட்டர் போச்சு சார்"னு கையை விரிச்சுட்டாங்க. அந்தக் கறுப்புப் பெட்டி புதுசாக் கிடைக்காது. பழசுக்குச் சொன்ன விலையில ஒரு செகண்ட் ஹேண்ட் காரே வாங்கலாம். அப்பாவும் இல்லை, வண்டியும் வேண்டாம், வித்துடலாம்ங்கிற முடிவுக்கு வந்துட்டான்.

விக்கறதுக்கு முன்னாடி நாமக்கல்ல ஒரு பெரியவர்கிட்டக் காட்டலாம்னு நான்தான் இழுத்துட்டுப் போனேன். அவர் கார் மெக்கானிக் இல்லை. காலம் பூரா லாரிக்கு டீசல் பம்ப்பும் நாசிலும் பிரிச்சுக் கோத்தவர். "லாரிக்காரர்கிட்ட இதைக் கொண்டு போறியேடா"ன்னு வழி நெடுக நண்பன் புலம்பல்.

பெரியவர் பானெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் காதை மட்டும் கொடுத்தார். அப்புறம், "தம்பி, கம்ப்யூட்டரெல்லாம் நமக்குத் தெரியாதுங்க. இதுவும் பம்ப்பு, நாசில் தானுங்களே?" அப்படின்னார்.

அந்த ஒரு கேள்விக்குப் பின்னாடி கிட்டத்தட்ட நூறு வருஷ சரித்திரம் இருக்கு.

எரிபொருளை அழுத்தி, அளந்து, பீச்சி அடிக்கிற வித்தை முதல்ல டீசலுக்குத்தான் வந்தது. 1897ல ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டின எஞ்சினுக்கு எண்ணெயை உள்ளே தள்ளவே தனியா ஒரு கம்ப்ரசர் தேவைப்பட்டது. லாரியில வெக்கிற அளவுக்கு அடக்கமான பம்ப்பை ஜெர்மனியில ராபர்ட் போஷ் கம்பெனி 1927ல வரிசையா செய்ய ஆரம்பிச்சது. இந்தியாவுல அதே கம்பெனியோட கூட்டுல 1951ல பெங்களூர்ல மைக்கோ வந்தது. 2008ல அதுக்குப் பேரு போஷ்னே மாறிடுச்சு. நம்ம பக்கத்துப் பழைய ஆளுங்க வாயில இன்னும் அது மைக்கோ பம்ப்தான்.

இப்ப பங்காளிக் கதை. 1954ல டெல்கோ (இன்னிக்கு டாடா மோட்டார்ஸ்) ஜெர்மனி டைம்லர்-பென்ஸோட கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூர்ல டீசல் லாரி செய்ய ஆரம்பிச்சது. மூக்குல மூணு முனை நட்சத்திரத்தோட ஓடின டாடா-மெர்சிடிஸ். 1969 வரைக்கும் அந்தக் கூட்டு இருந்தது. அதே 1954 பிப்ரவரியில, அதே டைம்லர்-பென்ஸ் நியூயார்க் கண்காட்சியில ஒரு காரைக் கொண்டு வந்து நிறுத்தினாங்க. கதவு ரெண்டும் பறவை றெக்கை மாதிரி மேல திறக்கும். மெர்சிடிஸ் 300 எஸ்எல். 3 லிட்டர், 6 சிலிண்டர், 215 குதிரை. கார்புரேட்டர் கிடையாது. டீசல் பம்ப் ஜாடையிலேயே ஆறு பிளஞ்சர் வெச்ச போஷ் பம்ப், பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ளயே அடிக்கும்.

ஒரே வீடு, ஒரே வருஷம், ஒரே வகைப் பம்ப். ஒண்ணு ஜவுளியும் சிமெண்டும் சுமந்தது, இன்னொண்ணு சினிமாக்காரங்களைச் சுமந்தது. பங்காளியா இல்லையா? :-)

சரி, மறுபடி பானெட்டுக்கு வருவோம். லாரியில மிஸ்ஸிங் வந்தா பழைய வித்தை ஒண்ணு உண்டு. எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு நாசிலுக்குப் போற பைப் நட்டையும் லேசா லூஸ் பண்ணுவாங்க. சத்தம் மாறினா அந்த சிலிண்டர் உழைக்குதுன்னு அர்த்தம். மாறலைன்னா அதுதான் சோம்பேறி. பெரியவர் இந்தக் காருலயும் அதையே செஞ்சார். நட்டுக்குப் பதிலா இன்ஜெக்டர் மேல இருந்த ஒயர் சாக்கெட்டை ஒண்ணொண்ணாக் கழட்டி மாட்டினார். நாலுக்கும் சத்தம் ஒரே மாதிரி இறங்கிச்சு.

"ஒரு சிலிண்டர் கோளாறு இல்லீங்க. நாலுக்கும் பொதுவா என்னமோ கெட்டுருக்கு. இதுக்குக் காத்தை யாரு கணக்குப் பண்றாங்க?"

அங்கதான் லாரியும் காரும் பிரியுது. டீசல் எஞ்சின் பொதுவா காத்தைத் தாராளமா இழுக்கும், எண்ணெயை மட்டும் அளந்தாப் போதும். பெட்ரோல் அப்படி இல்லை. 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காத்து. உள்ளே எவ்வளவு காத்து வருதுன்னு தெரியாம பெட்ரோலை அளக்க முடியாது. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் சரித்திரமே காத்தை எப்படி எண்ணினாங்கங்கிற சரித்திரம்தான்.

1967ல ஃபோக்ஸ்வாகன் 1600ல வந்த டி-ஜெட்ரானிக் காத்தை நேரா அளக்கலை. இன்டேக் குழாய்ல இருக்கிற அழுத்தத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுச்சு. 1973ல போர்ஷே 911ல வந்த கே-ஜெட்ரானிக்ல ஒரு தட்டை காத்தே தூக்கிப் பிடிக்கும். அடுத்து வந்த எல்-ஜெட்ரானிக்ல ஒரு சின்னக் கதவு. காத்து தள்ளத் தள்ளத் திறக்கும், எவ்வளவு திறந்ததுன்னு கம்ப்யூட்டருக்கு மின்சாரத்துல சேதி போகும். 1980கள்ல கதவும் போய் சூடான மெல்லிய கம்பி வந்தது. காத்து அடிச்சா கம்பி ஆறும். அதைச் சூடா வெச்சிருக்க எவ்வளவு கரண்ட் வேணுமோ, அதை வெச்சுக் காத்தைக் கணக்குப் பண்ணுவாங்க.

நண்பன் கார் கதவு வெச்ச ரகம். அந்தக் கதவைத் தாண்டி எங்கயாவது ஓட்டை இருந்தா, கணக்குல வராத காத்து உள்ளே போகும். திருட்டுக் காத்து. வேகமா ஓடும்போது இழுக்கிற காத்துல அது கடுகு. ஸ்லோவுல இழுக்கறதே கொஞ்சம்தானே, அப்ப அது பூசணிக்காய். பைபாஸ்ல பறந்த வண்டி சிக்னல்ல ஏன் உதறுச்சுன்னு இப்பப் புரியுதா?

இதெல்லாம் நான் வழவழன்னு விளக்கினேன். பெரியவர் தலையாட்டிட்டு, வண்டி ஓடும்போதே ஆயில் ஊத்தற மூடியைத் திறந்தார். இந்த ரகத்துல அதுவும் கதவுக்குப் பின்னாடி இருக்கிற வழிதான். எஞ்சின் சரியா இருந்தா மூடியைத் திறந்ததும் தடுமாறணும். இது பெருசா அசரலை. ஏற்கெனவே வேற ஓட்டை இருக்குன்னு அர்த்தம்.

"லாரியில எண்ணெய் டியூப்ல காத்து ஏறும். இதுல காத்து டியூப்லயே காத்து ஏறுது. அவ்ளோதானுங்க வித்தியாசம்" ன்னு சிரிச்சார்.

இஸ்திரிக் கடை ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி எடுத்து, ஒயர் பக்கம் படாம, ரப்பர் குழாய்ங்க மேல கொஞ்சம் கொஞ்சமா அடிச்சார். கதவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல இருக்கிற மடிப்பு ரப்பருக்கு அடியில தண்ணி பட்டதும் சத்தம் மாறிச்சு. கழட்டிப் பார்த்தா, அடிப்பக்க மடிப்புல விரல் நீளத்துக்கு வெடிப்பு. மேல இருந்து பார்த்தாத் தெரியவே தெரியாது.

கம்ப்யூட்டர் பாவம், அதுக்குச் சொன்ன கணக்கைச் சரியாத்தான் போட்டிருக்கு. அதுகிட்ட வராத கணக்குக்கு அது என்ன பண்ணும்? புது ரப்பர் வர மூணு வாரம் ஆச்சு. வண்டி இன்னிக்கும் சேலத்துலதான் இருக்கு. விக்கலை.

"அந்தக் கால ஆளுங்கதான் ஆளுங்க"ன்னு முடிச்சா நல்லாத்தான் இருக்கும். ஆனா அது முழு உண்மை இல்லை. 1999 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் டெல்லிப் பகுதி கார்களுக்கு யூரோ விதிகளைக் கட்டாயமாக்கினதுல இருந்து கார்புரேட்டர் காலம் முடிய ஆரம்பிச்சது. 2020 ஏப்ரல் 1ல பிஎஸ்6 வந்தப்ப பைக்குக்கும் இன்ஜெக்‌ஷன் வந்தாச்சு. இன்னிக்கு லாரியில காமன் ரெயில், ஆயிரம் பாருக்கு மேல அழுத்தம். அதுல ஓடும்போது பைப் நட்டை லூஸ் பண்ணினா, பீச்சற டீசல் தோலைக் கிழிச்சு உள்ளே போயிடும். பெரியவரோட முதல் வித்தை இனிமே செய்யவே கூடாத வித்தை.

மிஞ்சறது அவர் கேட்ட கேள்விதான். எது பொதுவா கெட்டிருக்கு? யாரு எதைக் கணக்குப் பண்றாங்க? கணக்குல வராம எது உள்ளே போகுது? ஸ்கேனர் வெச்சிருக்கிற பசங்களும் இந்த மூணையும் கேட்டாங்கன்னா, நல்ல பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியிருக்காது.

டிஸ்கி: கூலி எவ்வளவுன்னு கேட்டோம். "தண்ணி தெளிச்சதுக்கெல்லாம் காசு வாங்குவாங்களா தம்பி"ன்னுட்டார். டீக்கு மட்டும் ஒத்துக்கிட்டார்.